குகைக் காற்றை எதில் பிடிப்பது: திறந்த பிளேட்டா, பம்பா, வடிகட்டியா?

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பல்கனியில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த சின்னம்மாவின் மகன் கேட்டான்: "அக்கா, குகைக்குள்ள காத்தில பங்கசு வித்தி எவ்வளவு இருக்கெண்டு பாக்க, பிளேட்டைத் திறந்து வைச்சாக் காணும்தானே?"

பிளேட் என்றால் ஏகார் என்ற, பூஞ்சணம் வளரும் கூழ் ஊற்றிய மூடியுள்ள வட்டத்தட்டு. வித்தி என்பது பங்கசு, அதாவது பூஞ்சணம், பரவ விடும் நுண்விதை; ஏகாரில் விழுந்தால் வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஒரு பொட்டாகும், அதுதான் கொலனி. அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஆய்வுக்கு அவன் தெரிந்தெடுத்த இடம் வவுல்பனே. இரத்தினபுரி மாவட்டத்தில், எம்பிலிப்பிட்டியப் பக்கம் இருக்கும் சுண்ணாம்புக்கல் குகை. சிங்களத்தில் வவுலா என்றால் வௌவால். உள்ளே குடியிருப்பது யாரென்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. குகைக்குள்ளே ஓடை ஓடுகிறது, வௌவால் எச்சம் கிடக்கிறது, பார்க்க ஆட்களும் வருகிறார்கள். வித்தி தேடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உள்ளேயிருந்து அம்மா, "அலுமாரியில வைச்ச சப்பாத்தில பூஞ்சணம் பிடிக்கிற ஊரில இருந்துகொண்டு, பூஞ்சணம் தேடி எம்பிலிப்பிட்டியவுக்கோ?" என்றார். பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் அவனுடைய திட்டத்தில் இருந்த முதல் ஓட்டையை அம்மாதான் காட்டிக்கொடுத்தார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் கொழும்பில் ஓர் உணவு நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பேக்கரி, பிஸ்கட், மசாலாத்தூள் பொதிசெய்யும் அறைகள் என்று போய்த் திறந்த பிளேட் வைப்பது எனக்குப் பல் தீட்டுகிற மாதிரி. அதனால் "ஓம், காணும்" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் ஒரு பழைய பிளேட்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் குருநாகல் பக்கம் ஒரு கற்குகைக்கு நண்பர்களோடு போனபோது, பார்ப்போமே என்று பத்து பிளேட் கொண்டுபோனேன். ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்துத் திறந்ததுதான் தாமதம், மூடியின் உட்புறம் வேர்த்து, ஏகார் மேல் பனித்துளி மாதிரித் தண்ணீர். ஒரு மணித்தியாலம் வைத்து, மூடி, கொழும்புக்குக் கொண்டுவந்து, ஐந்தாம் நாள் பார்த்தேன். ஒன்றில் கொலனிகள் தையல் போட்ட மாதிரி வரிசையாக நின்றன. ஓரத்தில் தொடங்கி, வளைந்து நடுவுக்குப் போய், மறுபக்கத்தால் வெளியே. காற்றில் மிதந்துவந்து விழும் வித்தி இப்படி அணிவகுக்காது. எச்சத்தில் மொய்க்கும் சின்ன ஈ ஒன்று ஏகாரில் நடந்துபோன பாதை அது. காலடிக்கு ஒரு பச்சைப் பொட்டு. இன்னொன்றில் கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து பக்றீரியா வட்டமாகப் பரவியிருந்தது. ஆறு பிளேட்டை ரைசோபஸ் என்ற, வேகமாகப் படரும் பூஞ்சணம் சாம்பல் பஞ்சு மாதிரி மூடிவிட்டது; அதற்குக் கீழே என்ன இருந்ததென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எண்ணத் தேறியது இரண்டு.

ஆகவே தம்பிக்கு அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொல்லாமல், இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம்.

கேள்வி ஒன்றல்ல, மூன்று

அவன் எழுதிக்கொண்டுவந்த முன்மொழிவில் மூன்று கேள்விகள் ஒரே வசனத்துக்குள் இருந்தன. குகைக் காற்றில் வித்தி எவ்வளவு? ஆட்கள் வந்துபோவதால் அது கூடுகிறதா? நோய் தரக்கூடிய ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பங்கசு அதில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஒரே கருவி சரிவராது. ஒன்றுக்கு நல்ல கருவி மற்றதற்குப் பொய் சொல்லும். மூன்றாவதற்கு ஆபத்தாகவும் முடியலாம்.

திறந்த பிளேட்

மலிவு. கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை, இருபது இடத்தில் ஒரே நேரத்தில் வைக்கலாம். இதற்கென்று ஒழுங்கும் உண்டு: 9 சென்ரிமீற்றர் பிளேட், நிலத்திலிருந்து 1 மீற்றர் உயரம், சுவரிலிருந்து 1 மீற்றர் தள்ளி, 1 மணித்தியாலம். ஒன்று-ஒன்று-ஒன்று என்று மனதில் நிற்கும். எங்கள் தொழிலில் இது தினமும் கைகொடுக்கிறது. ஏனென்றால் நாங்கள் கேட்பது "நேற்றைவிட இன்று மோசமா" என்பது மட்டும்தான்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த எண்ணிக்கையை ஒரு கன மீற்றர் காற்றுக்கு இவ்வளவு என்று மாற்றப்போகும்போது. இதற்கு ஒமெலியான்ஸ்கி என்ற ரஷ்யரின் பெயரில் ஒரு சூத்திரம் இருக்கிறது. குகை ஆய்வுகளிலும் அதை எடுத்துப் போடுகிறார்கள். 100 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் 5 நிமிடத்தில் விழுவது, 10 லீற்றர் காற்றில் இருப்பதற்குச் சமம் என்பது அதன் அடிப்படை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லீற்றர் என்பது 10,000 கன சென்ரிமீற்றர். 100 சதுர சென்ரிமீற்றரால் பிரித்தால் 100 சென்ரிமீற்றர் உயரம். அதாவது 5 நிமிடத்தில் ஒரு மீற்றர் விழுகிற துணிக்கையை மனதில் வைத்து எழுதிய சூத்திரம் அது. அசையாத காற்றில் அந்த வேகத்தில் விழ, துணிக்கை ஏறக்குறைய 10 மைக்ரோமீற்றர் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றுதான் ஒரு மைக்ரோமீற்றர்) பருமன் இருக்கவேண்டும்.

குகைக்குள் அதிகம் கிடைப்பது அஸ்பெஜிலஸ், பெனிசிலியம் என்ற இரண்டு பூஞ்சணங்கள். அவற்றின் வித்தி பெரும்பாலும் 2 முதல் 4 மைக்ரோமீற்றர். விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், 3 மைக்ரோமீற்றர் வித்தி ஒரு மீற்றர் இறங்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஆகவே ஒரு மணித்தியாலம் திறந்திருக்கும் பிளேட், 3 மைக்ரோமீற்றர் வித்திக்கு ஏறக்குறைய 6 லீற்றர் காற்றைத்தான் "பார்க்கிறது". 10 மைக்ரோமீற்றர் வித்திக்கு 69 லீற்றர். ஒரே பிளேட், ஒரே மணித்தியாலம், பதினொரு மடங்கு வித்தியாசம். சின்ன வித்தியைக் குறைத்துக் காட்டும், பெரியதைக் கூட்டிக் காட்டும். நுரையீரலின் அடிவரை போகக்கூடியது எது? அந்தச் சின்ன வித்திதான்.

இவ்வளவும் காற்று அசையாமல் இருந்தால். குகை வாயில் பக்கத்தில் காற்று அசையும். ஓடை ஓடும் இடத்தில் தண்ணீரோடு காற்றும் இழுபடும். அங்கே இந்தக் கணக்கும் உடைந்துபோகும்.

"அப்ப பிளேட் வேண்டாமோ?" என்றான். வேண்டும், எண்ணுக்காக அல்ல என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆய்வறிக்கையில் எண் இல்லாமல் அட்டவணை எப்படி?

பம்ப் வைத்து இழுப்பது

இம்பாக்டர் என்பது எளிய யோசனை. பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. காற்று நுண்துளைகளால் வேகமாகப் பாய்ந்து, கீழே இருக்கும் ஏகாரில் முட்டித் திரும்புகிறது. காற்று திரும்பும், வித்தியால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது. ஏகாரில் போய் ஒட்டும். அன்டர்சன் 1958-இல் வெளியிட்ட ஆறு தட்டுக் கருவி இன்றும் அளவுகோலாக இருக்கிறது. ஒவ்வொரு தட்டிலும் 400 துளை, நிமிடத்துக்கு 28.3 லீற்றர், அதாவது ஒரு கன அடி. மேல்தட்டில் 7 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்டது விழும், கீழே போகப்போகச் சின்னது. ஆறாவது தட்டு 0.65 வரை பிடிக்கும். மூக்கிலிருந்து நுரையீரல் அடிவரை எது எங்கே தங்கும் என்பதன் மாதிரி அது.

கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் ஆறு தட்டென்றால் ஒரு மாதிரிக்கு ஆறு பிளேட். இருபத்துநாலு மாதிரிக்கு 144. மாணவன் ஒருவன் ஓட்டோக்ளேவுக்கு (நீராவியில் கிருமி கொல்லும் கருவி) முன்னால் தவம் இருக்கவேண்டியதுதான். ஆறாவது தட்டை மட்டும் வைத்து ஒற்றைத் தட்டுக் கருவியாகப் பாவிக்கலாம். பருமன் விபரம் போய்விடும், மொத்த எண்ணிக்கை வரும். அவனுடைய முதல் இரண்டு கேள்விக்கும் அது போதும்.

கணக்கும் நேராக இருக்கிறது. 2 நிமிடம் ஓடினால் 56.6 லீற்றர், ஒரு கொலனி என்றால் கன மீற்றருக்கு ஏறக்குறைய 18. மருந்துத் தொழிற்சாலைகளில் வைத்திருக்கும், பற்றரியில் ஓடும் வகை நிமிடத்துக்கு 100 லீற்றர் இழுக்கும். அதில் ஒரு நிமிடத்துக்கு ஒரு கொலனி என்றால் 10. துளைகள் 400 தான் என்பதால், கொலனி கூடக்கூட ஒரே துளையால் இரண்டு மூன்று வித்தி போயிருக்கும் வாய்ப்பும் கூடும். அதற்குத் திருத்த அட்டவணை இருக்கிறது. 300-ஐத் தாண்டிய பிளேட்டை நான் நம்பமாட்டேன். நேரத்தைக் குறைத்துத் திரும்ப எடுப்பேன்.

விலைதான் இடிக்கும். புதிதாக வாங்க ஆயிரக்கணக்கான டொலர். இன்றைய ரூபாவில் மாணவனிடம் சொல்லவே கூசும். ஆனால் கொழும்பில் இதை வாங்கவேண்டிய அவசியம் இல்லை. மருந்து தயாரிக்கும் இடங்களிலும் பெரிய உணவுத் தொழிற்சாலைகளிலும் இந்தக் கருவி சனி ஞாயிறு சும்மா கிடக்கும். தெரிந்தவர் ஒருவரைப் பிடித்தால் இரண்டு நாளைக்குத் தருவார்கள். தரும்போது கேட்கவேண்டியது ஒன்றுதான்: கடைசியாக எப்போது காற்றோட்டத்தை அளந்து சரிபார்த்தீர்கள்? ஒருமுறை நான் இரவல் வாங்கிய பம்ப் 28 என்று காட்டிக்கொண்டு 20-ஐயும் எட்டாமல் இழுத்தது. ஒரு நாள் வேலை முழுக்கக் குப்பைக்குப் போனது.

குகைக்குள் இன்னொரு தொல்லை. பம்ப் உறிஞ்சிய காற்றை எங்காவது வெளியே விடவேண்டும். காய்ந்த எச்சம் கிடக்கும் நிலத்துக்குக் கிட்ட வைத்தால், அந்த ஊதலே தூசியைக் கிளப்பும். பிறகு நீங்கள் அளப்பது உங்கள் பம்ப் கிளப்பிய வித்தியை. முக்காலியில், இடுப்புயரத்தில், ஊதல் உங்கள் பக்கம் பார்க்காமல் வைக்கவேண்டும். பம்பின் இரைச்சலுக்கு வௌவால் கிளம்பிச் சிறகடித்தாலும் அதே கதைதான். குகை ஆய்வில் அளக்கிறவன் தானே ஒரு வித்தி மூலம்: அவன் உடுப்பு, அவன் சப்பாத்து, அவன் நடந்துவந்த தடம். கருவியை வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் அசையாமல் நின்று, பிறகு ஓடவிடு என்றேன். "பதினைஞ்சு நிமிசம் இருட்டில சும்மா நிக்கிறதோ?" ஓம், போனும் பார்க்காமல்.

கண்ணாடித் தகட்டில் பிடித்து எண்ணுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹிர்ஸ்ட் 1952-இல் செய்த பொறியின் வழிவந்தவை: நிமிடத்துக்கு 10 லீற்றர் இழுத்து, மெதுவாகச் சுற்றும் பசை நாடாவில் வித்தியை ஒட்டவைக்கும்; நுணுக்குக்காட்டியில் எண்ணலாம். வளர்க்கத் தேவையில்லை, ஆகவே ஆபத்துக் குறைவு. செத்த வித்தி, வளர மறுக்கும் வித்தி எல்லாமே கணக்கில் வரும். மழைக்காட்டுக் காளான்களின் வித்தி ஏகாரில் பெரும்பாலும் வளராது; இதில் தெரியும். ஆனால் அஸ்பெஜிலசையும் பெனிசிலியத்தையும் வித்தியை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. இரண்டும் சின்ன உருண்டை. குகையில் பெரும்பான்மை அந்த உருண்டைதான் என்கிறபோது, மாதக்கணக்கில் எண்ணிவிட்டு "உருண்டை நிறைய இருந்தது" என்று எழுதவேண்டி வரும். மகரந்தம் பார்க்கிறவர்களுக்கு அருமையான கருவி. இவனுக்கு வேண்டாம்.

வடிகட்டியும் டிஎன்ஏயும்

தொழிற்சாலைத் தூசி அளக்க இடுப்பில் கட்டும் சின்னப் பம்ப் இருக்கிறதல்லவா, நிமிடத்துக்கு 2 லீற்றர் இழுப்பது? அதில் வடிகட்டித் தாளை மாட்டி நாலு மணித்தியாலம் விட்டால் 480 லீற்றர். சத்தம் இல்லாத மாதிரி. வடிகட்டியில் வித்தி காய்ந்து சாகலாம், ஆகவே வளர்க்க உதவாது, டிஎன்ஏ எடுக்கலாம். பங்கசுக்கு அடையாளப் பகுதியாக ஐடிஎஸ் என்ற துண்டை 2012-இல் உலகளவில் ஏற்றுக்கொண்டார்கள். அதை வாசித்தால் ஏகாரில் வளராத நூற்றுக்கணக்கானவற்றின் பெயர் வரும்.

பட்டியல் நீளமாக இருப்பதால் இதுதான் சிறந்தது என்று ஒரு மயக்கம் உண்டு. எனக்கு மூன்று ஐயம். ஒன்று, குகைக் காற்றில் இருப்பது சொற்பம். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டிலேயே இருக்கும் அழுக்கு அதோடு போட்டி போடும். வெறும் வடிகட்டியையும் கூடவே ஓட்டிக் கழிக்காவிட்டால் வவுல்பனேயில் கண்டதாக எழுதுவது கிட் செய்த ஊரின் பங்கசாகவும் இருக்கலாம். இரண்டு, உயிரோடு இருந்ததா செத்ததா என்று அது சொல்லாது. மூன்று, பெயரும் பங்கும் வரும், கன மீற்றருக்கு எத்தனை என்பது வராது. ஆட்கள் வந்தபின் கூடியதா என்ற கேள்விக்கு அது நேர்ப்பதில் அல்ல. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் கடிதம், காசு, காத்திருப்பு. ஆய்வறிக்கை ஒப்படைக்கும் நாள் அதற்காகத் தள்ளிப்போகாது.

ஆனால் மூன்றாவது கேள்விக்கு இதுதான் வழி. அந்தக் கேள்விக்குத்தான் நான் அவனோடு கொஞ்சம் சத்தம் போடவேண்டி வந்தது.

வளர்க்கக்கூடாத ஒன்று

ஹிஸ்டோபிளாஸ்மா கப்சுலாட்டம். டார்லிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1905-இல் பனாமாவில், இறந்துபோன ஒரு தொழிலாளியின் உடலில் முதலில் கண்டார். வௌவால் எச்சமும் பறவை எச்சமும் ஊறிய மண்ணில் நூலாக வளரும். அதன் சிறு வித்தி 2 முதல் 5 மைக்ரோமீற்றர். மூச்சோடு உள்ளே போனால் உடற்சூட்டில், 37 பாகையில், மதுவம் மாதிரி உருவம் மாறி நுரையீரலில் பெருகும். குகைக்குப் போய்வந்த குழுவாகவே காய்ச்சலில் விழுந்த சம்பவங்கள் அமெரிக்கக் கண்டத்தில் பல. பெரும்பாலானோருக்கு அது தடிமன் மாதிரி வந்துபோகும். நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு உயிரோடு விளையாடும்.

தம்பியின் திட்டப்படி, வௌவால் கூடத்தில் பிளேட் வைத்து, ஆறு வாரம் 25 பாகையில் வளர்த்து, வெள்ளைப் பஞ்சு மாதிரி வருவதை எடுத்துத் தகட்டில் வைத்துப் பார்ப்பான். அங்கேதான் தவறு. எச்சத்தில் இருக்கும்போது இருப்பதைவிட, பிளேட்டில் தூய கொலனியாக வளர்ந்து நிற்கும்போது அது பல மடங்கு ஆபத்து. மூடியைத் திறந்த ஒரு கணத்தில் முகத்துக்கு நேரே வித்தி கிளம்பும். நூல் வடிவத்தை வளர்த்துக் கையாள மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வுகூடம் வேண்டும். மாணவர் ஆய்வுகூடத்து மேசை அதற்கல்ல. என்னுடைய மேசையும் அல்ல.

ஆபத்தை விட்டாலும் பயன் இல்லை. அது வளர வாரக்கணக்கில் எடுக்கும். அதற்குள் அஸ்பெஜிலசும் ரைசோபசும் பிளேட்டைச் சாப்பிட்டு முடித்துவிடும். ஐந்து நாள் பிளேட்டில் அது தெரியாததால் "குகையில் இல்லை" என்று எழுதினால், பொய். வடிகட்டியிலும் எச்சத்திலும் டிஎன்ஏ எடுத்து, அந்தப் பங்கசின் டிஎன்ஏ துண்டை மட்டும் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை செய்தால் வளர்க்காமலே கேட்கலாம்.

"அப்ப நான் மாஸ்க் போட்டால்?" போடவேண்டியதுதான், எப்படியும். துணி மாஸ்க், சத்திரசிகிச்சை மாஸ்க் எல்லாம் ஓரத்தால் காற்று விடும். என்95, முகத்தோடு ஒட்டி, தாடியை எடுத்துவிட்டு. தாடி என்றதும் அவன் முகம் போன போக்கு! பங்கசைப் பற்றி நான் சொன்ன எதற்கும் அப்படிப் போகவில்லை.

வெளிநாட்டு வலைப்பக்கங்களில் வாசித்துவிட்டு வௌவால்களின் வெண்மூக்கு நோயைப் பற்றியும் கேட்டான். 2006 பெப்ரவரியில் நியூயோர்க் மாநிலத்துக் குகை ஒன்றில் எடுத்த படத்தில் முதலில் தெரிந்து, பிறகு வட அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற பங்கசு அது. குளிர் விரும்பி, 20 பாகையைத் தாண்டினால் வளராது. எம்பிலிப்பிட்டியச் சூட்டில் அதற்கு வேலை இல்லை. அந்தப் பக்கத்தை முன்மொழிவிலிருந்து வெட்டினோம்.

அம்மா சொன்ன ஓட்டை

குகைக்குள் இருக்கும் வித்தியில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. காட்டிலும் வயலிலும் கிளம்பும் கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சணத்தின் வித்தி காற்றோடு வாயிலால் நுழையும், உள்ளே போகப்போகக் குறையும். ஆழத்தில் அஸ்பெஜிலசும் பெனிசிலியமும் முன்னுக்கு வரும். ஆகவே வெளியே, வாயிலிலிருந்து தள்ளி, அதே கருவியால், அதே மணித்தியாலத்தில் எடுக்காமல் உள்ளே எடுத்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அவனுடைய திட்டத்தில் வெளி மாதிரி ஒன்றுகூட இல்லை. சப்பாத்தில் பூஞ்சணம் பிடிக்கும் நாட்டில், "குகையில் கன மீற்றருக்கு 400" என்றால் என்ன? வெளியே 1,500 என்றால் குகை சுத்தம். வெளியே 100 என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது.

2011-இல் ஸ்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஓவியக் குகைகளுக்கென்று ஒரு படிநிலை சொன்னார்கள். கன மீற்றருக்கு 50-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 1,000-ஐத் தாண்டினால் கைமீறிப்போயிற்று என்கிற மாதிரி. தம்பி அதை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். அது குளிர்ந்த, மூடிய, வௌவால் இல்லாத குகைகளுக்கு. எச்சம் கிடக்கும் வெப்பவலயக் குகையை அந்தத் தராசில் வைத்தால், எறும்புப் புற்றுக்கு "எறும்பு அதிகம்" என்று எச்சரிக்கை ஒட்டிய கதை.

ஆனால் அந்தப் படிநிலைக்குப் பின்னால் இருக்கும் பயம் உண்மை. பிரான்சின் லாஸ்கோ ஓவியக் குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். ஆட்களின் மூச்சும் வெளிச்சமும் சுவரில் பச்சைப் பாசியைக் கொண்டுவர, 1963-இல் மூடினார்கள். மூடியும் விடவில்லை. காற்றுச் சீராக்கும் கருவியை மாற்றிய பிறகு, 2001-இல் பியூசேரியம் என்ற பங்கசு வெள்ளையாகப் படர்ந்தது. கிருமிநாசினி அடித்தார்கள், நிலத்தில் சுட்ட சுண்ணாம்பு கொட்டினார்கள். பிறகு கறுப்புப் புள்ளிகள். அதிலிருந்து பிரித்த ஒரு புதிய இனத்துக்கு 2012-இல் அந்தக் குகையின் பெயரையே வைத்தார்கள். சுவரில் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்துவிடும், காற்றில் கூடும்போதே பிடிக்கவேண்டும் என்பதற்காகத்தான் அங்கே காற்றை அளக்கிறார்கள்.

அதனால், கேள்வி தம்புள்ளை மாதிரி ஓவியம் உள்ள குகைக் கோயிலைப் பற்றியதாக இருந்தால் என் தெரிவு மாறியிருக்கும். அங்கே வேண்டியது ஒரு நாள் துல்லியம் அல்ல. மாதாமாதம், அதே இடத்தில், அதே கையால், வருடக்கணக்கில். அதற்குத் திறந்த பிளேட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை என்று துணிந்து சொல்வேன். புளத்சிங்களப் பக்கம் பாஹியன்கல மாதிரி வாய் அகன்ற கற்பொதும்பு என்றால், உள்காற்றும் வெளிக்காற்றும் கிட்டத்தட்ட ஒன்று. குகைக் காற்று என்ற கேள்வியே அங்கே மெலிந்துபோகும்.

கடைசியில் எடுத்தது

ஒற்றைத் தட்டு இம்பாக்டர், இரவல். இரண்டு நாள்: ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு வேலை நாளும், போயா விடுமுறை நாளும். நாலு இடம்: வெளியே, வாயில், நடுப்பாதை, வௌவால் கூடத்துக்கு எட்டத்தில் ஒன்று. காலையில் ஆட்கள் வரமுன், பின்னேரம் வந்துபோனபின். ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை, 2 நிமிடம். நாலை இரண்டால், மூன்றால் பெருக்க நாளொன்றுக்கு 24 பிளேட். ஓடவிடாமல் திறந்து மூடும் வெற்றுப் பிளேட் இரண்டு. இரண்டு நாளைக்கு 52. ஒரு மாணவனால் எண்ணி முடிக்கக்கூடிய தொகை.

மீடியாவில், அதாவது பிளேட்டில் ஊற்றும் ஏகார் வகையில், எனக்குப் பிடிவாதம் உண்டு. உணவுப் பூஞ்சணம் எண்ணும் ஐஎஸ்ஓ 21527 என்ற நியமம் ஈரமான பொருளுக்கு ஒரு ஏகாரும், காய்ந்த பொருளுக்கு டிஜி18 என்ற இன்னொரு ஏகாரும் சொல்கிறது. குகையின் ஈரத்துக்கு முதலாவது, டிஆர்பிசி. அதிலுள்ள டைகுளோரான் ரைசோபசைக் குட்டையாக வெட்டி வைக்கும். என்னுடைய ஆறு பிளேட்டுக்கு நடந்தது இவனுக்கு நடவாது. அதிலுள்ள ரோஸ் பெங்கால் சாயம் வெளிச்சம் பட்டால் பங்கசுக்கே நஞ்சாகும், ஆகவே கறுப்புப் பொலித்தீனில் சுற்றி. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, மூடியோடு, குகைக்குள் அரை மணித்தியாலம் வைத்துச் சூடு சமனான பிறகுதான் திறக்கவேண்டும். திரும்பி வரும் வழியில் வானின் பின்பெட்டிக்குள் போட்டுவிடக்கூடாது. கொழும்பு வந்துசேரமுன் அவிந்துவிடும். கடைசியாக 25 பாகை. 37 பாகை இன்குபேட்டர், அதாவது பிளேட்டை ஒரே சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி, எல்லாரிடமும் இருக்கிறது. அறையே 30 பாகை இருக்கும் ஊரில் 25-க்கு இறக்குவதற்குக் குளிரூட்டும் இன்குபேட்டர் வேண்டும். இல்லையென்றால் ஏசி அறையும், வெப்பமானியும், ஏசியை நிறுத்தமாட்டோம் என்று சத்தியம் செய்த காவலாளியும்.

வௌவால் கூடத்துக்குள் பிளேட் போகாது. அதன் விளிம்பில் இடுப்புப் பம்பில் ஒரு வடிகட்டி, கூடவே ஒரு வெற்று வடிகட்டி. இரண்டும் நேரே மைனஸ் 20 பிரீசருக்கு. பிசிஆர் செய்யக்கூடிய இடமும் காசும் கிடைத்தால் அப்போது கேட்கலாம். பிரீசரில் கேள்வி கெடாது. மற்ற இடங்களில் எடுத்த பிளேட்டும் ஒட்டுநாடா சுற்றி மூடியபடியே எண்ணப்படும். வெள்ளைப் பஞ்சாக, மெதுவாக வரும் எதையும் திறக்காமல் ஓட்டோக்ளேவுக்கு, 121 பாகையில். திறந்த பிளேட்டும் வாயிலில் ஒன்று, நடுப்பாதையில் ஒன்று வைக்கட்டும் என்று விட்டேன். இம்பாக்டர் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த வருடம் கருவி இரவல் கிடைக்காத இன்னொரு மாணவனுக்கு உதவும். அனுமதிக் கடிதங்களை, வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் போகவேண்டியது உட்பட, அவனுடைய மேற்பார்வையாளர் பார்க்கிறார்.

நேற்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பெரிய வெள்ளை ரிஜிஃபோம் பெட்டி, மூடியோடு. "அக்கா, சும்மா தந்தவங்கள். 52 பிளேட்டும் கொள்ளும். ஆனா மீன் மணக்குது."

வேறு பெட்டி பார் என்று பதில் போட்டேன்.